பற்றாசு மணிகளும் பழுதுபார்த்தலும்

இலத்திரனியல் வரலாற்றில் பற்றாசு பெற்ற இடம் சிறிதன்று. 63 வீத வெள்ளீயமும் 37 வீத ஈயமும் கலந்த பற்றாசு 183 பாகை செல்சியசில் உருகும். 1990களில் சில்லுகள் பலவற்றின் ஓரக்கால்கள் மறைந்து, அடிப்புறத்தே பற்றாசு மணிகள் வரிசையாக அமையலாயின. மணிகள் வெடிப்புறின், சில்லைச் சூடாக்கிக் கழற்றி, பழைய பற்றாசை அகற்றி, துளைத்தகட்டின் வழியே புதுமணிகளை இட்டு உருக்கிப் பொருத்துவர்.

ஈயம் நஞ்சாதலின், ஐரோப்பிய ஒன்றியம் 2006 யூலை 1 முதல் விற்பனைக்கு வரும் புதிய கருவிகள் பலவற்றில் அதனைத் தடைசெய்தது. மாற்றாக வந்த வெள்ளீயம், வெள்ளி, செம்பு ஆகியவற்றின் கலவையோ ஏறத்தாழ 217 பாகையிலேயே உருகத் தொடங்கும். அதற்கு வேண்டிய மிகுவெப்பம் சுற்றுப்பலகையை வளைக்கவும் சில்லைப் பழுதாக்கவும் வல்லது.

சட்டத்தின் நோக்கம் நன்றே. எனினும், மண்ணைக் காக்க எழுந்த அச்சட்டம் பழுதுபார்ப்பவரின் பணியைக் கடினமாக்கிற்று. திருத்தப்படாத கருவியும் ஈற்றில் குப்பையாய் மண்ணையே சேருமென்பது சிந்திக்கற்பாலது.