வெகுசனக் கலைகளில் வூடூ சமயம்

வூடூ என்ற சொல்லைக் கேட்டதும் ஊசி குத்திய பொம்மையும் எழுந்து நடக்கும் பிணமும் நம் நினைவுக்கு வருவது, ஏறத்தாழ நூறாண்டுகளாகப் புத்தகமும் திரைப்படமும் ஊட்டிய பழக்கம். ஹைட்டி மக்களின் சமயம் இது. மேற்கு ஆப்பிரிக்காவின் தகோமி, மத்திய ஆப்பிரிக்காவின் காங்கோ ஆகிய பகுதிகளிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள், பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தோட்டங்களில் உழன்றபடியே தங்கள் தெய்வங்களைக் கத்தோலிக்கப் புனிதர்களின் நிழலில் வைத்துக் காத்தனர். அத்தெய்வங்களுக்கு லுவா என்று பெயர். சடங்கின்போது பூசாரி சோளமாவை விரலிடுக்கில் எடுத்து, தரையில் கோலம்போல அந்தந்த லுவாவுக்குரிய சித்திரத்தை இழைப்பார். முதல் அழைப்பு, வழி திறந்துவிடும் லெக்பாவுக்கு.

1791 ஆகஸ்டில் புவா கைமானில் நடந்த ஒரு வூடூ சடங்கிலிருந்தே அடிமைகளின் பெருங்கிளர்ச்சி கிளம்பியது என்பது ஹைட்டி மக்கள் போற்றும் வரலாறு. 1804இல் நாடு விடுதலை பெற்றது. அடிமை முறையில் செழித்திருந்த நாடுகளுக்கு அந்த வெற்றி பேரச்சம் தந்தது. பிரிட்டிஷ் தூதர் ஸ்பென்சர் செயின்ட் ஜான் 1884இல் எழுதிய நூல், நரமாமிசக் கதைகளை வூடூவின் மேல் ஏற்றியது.

1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படை ஹைட்டியை ஆக்கிரமித்திருந்தது. வில்லியம் சீப்ரூக்கின் 'தி மேஜிக் ஐலண்ட்' (1929) என்னும் நூல், பெலா லுகோசி நடித்த 'வைட் ஜாம்பி' (1932) என்னும் படம் இரண்டும் அந்த ஆண்டுகளில் வந்தவை. அப்படத்தில் ஒரு கரும்பாலைக் காட்சி உண்டு. உயிரற்ற கண்களோடு ஆட்கள் செக்கைச் சுற்றித் தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள். ஒருவன் தடுமாறி இயந்திரத்துக்குள் விழுகிறான். யாரும் நிற்பதில்லை, செக்கும் நிற்பதில்லை. ஹைட்டிக்காரர்கள் ஜாம்பி என்று அஞ்சியது இதைத்தான்: செத்த பிறகும் எசமானுக்கு உழைக்க வேண்டிய கதி. அவர்கள் ஜாம்பியைக் கண்டு அஞ்சவில்லை, ஜாம்பியாகிவிடுவோமோ என்றே அஞ்சினார்கள். அடிமைத்தனத்தின் நினைவு அந்த அச்சத்தில் உறைந்திருக்கிறது. பிந்தைய படங்கள் இழந்தது இந்தப் பொருளைத்தான்.

ஜாக் டூர்னர் இயக்கிய 'ஐ வாக்ட் வித் எ ஜாம்பி' (1943) ஒரு நல்ல விலக்கு. அதில் கரும்புத் தோட்ட முதலாளிக் குடும்பத்தின் முற்றத்தில் அடிமைக் கப்பலின் முகப்புச் சிலையொன்று நிற்கிறது. கதை நடக்கும் தீவின் துயரம் எங்கே தொடங்கியது என்பதைப் படம் மறைக்கவில்லை. ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' (1968) எழுந்து நடக்கும் பிணங்களுக்கும் ஹைட்டிக்கும் இருந்த தொடர்பையே அறுத்தது. தமிழில் 'மிருதன்' (2016) பின்பற்றியது இந்தப் பிந்தைய மரபையே.

இந்தத் திரிப்பிலிருந்து தெய்வங்களும் தப்பவில்லை. இடுகாட்டின் காவலரான பாரோன் சாம்தி குழி தோண்டச் சம்மதிக்காவிட்டால் நோயாளி பிழைப்பார் என்பது நம்பிக்கை. சாகக் கிடக்கும் குழந்தைக்காக அவரிடம்தான் மன்றாடுவார்கள். ஜேம்ஸ் பாண்ட் படமான 'லிவ் அண்ட் லெட் டை' (1973) அவரை வில்லனின் கையாளாக்கியது. நாகவடிவான டம்பல்லா, தூய்மையும் சாந்தமும் உடைய தந்தைத் தெய்வம். 'சைல்ட்ஸ் ப்ளே' (1988) படத்தில் ஒரு கொலைகாரன் பொம்மைக்குள் புக அவர் பெயரைச் சொல்லி மந்திரிக்கிறான். பொம்மையில் ஊசி குத்துவதும் ஹைட்டி வழிபாட்டின் சாரம் அல்ல. அந்த வழக்கம் ஐரோப்பியச் சூனியத்தில் நெடுங்காலமாக இருந்தது. டிஸ்னியின் 'தி பிரின்சஸ் அண்ட் தி ஃப்ராக்' (2009) வூடூ அறிந்த நல்லவள் ஒருத்தியையும் காட்டியது உண்மை. ஆயினும் அங்கும் வூடூ மாயவித்தைதான், வழிபாடு அல்ல.

அக்கறையோடு பார்த்தவர்களும் உண்டு. நடனத்தைப் படமெடுக்க 1947இல் ஹைட்டி சென்ற திரைப்பட இயக்குநர் மாயா டெரன், அந்தச் சமயத்தில் ஆழ்ந்து 1953இல் அதைப் பற்றி நூலே எழுதினார். அவர் எடுத்த காட்சிகள் அவரது மறைவுக்குப் பிறகே படமாகத் தொகுக்கப்பட்டன.

ஹைட்டி அரசு 2003இல் வூடூவைச் சமயமாக முறைப்படி ஏற்றது. தமிழில் எழுதுவோரும் மொழிபெயர்ப்போரும் இதைப் பில்லி சூனியம் என்று எழுதாமல், வூடூ சமயம் என்றே எழுத வேண்டும்.