ஒரே கூரையின் சான்று: தென்காசி வட்டாரப் புலம்பெயர் குடும்பங்களும் இலங்கை, மலாயாச் சட்டங்களும் (1949–1959)

ஆய்வுச் சுருக்கம்

திருமணம் நடந்ததை மெய்ப்பிப்பது வேறு; மணமக்கள் சேர்ந்து வாழ்ந்ததை மெய்ப்பிப்பது வேறு. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையும் மலாயாவும் இயற்றிய சட்டங்கள் இரண்டாவது வகைச் சான்றையே கோரின. கடல் கடந்து பொருளீட்டிய தமிழ்க் குடும்பங்களுள் எவை அச்சான்றைக் காட்ட இயன்றன, எவை இயலாது போயின என்பதைத் தென்காசி வட்டாரத்தை மையமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கடையநல்லூர், தென்காசி, புலப்பெயர்வு, குடிநுழைவு, சேர்ந்து வாழ்தல்.

முன்னுரை

குற்றால மலைத்தொடரின் அடிவாரத்தில், தென்காசிக்கு வடக்கே அமைந்துள்ள ஊர் கடையநல்லூர். முன்னர்த் திருநெல்வேலி மாவட்டத்திலும், 2019 முதல் தென்காசி மாவட்டத்திலும் அடங்கிய இவ்வூரின் முஸ்லிம்களுள் பலர் கைத்தறி நெசவாளர்கள். நெசவு நலிந்த காலத்தில் இவர்களும் தென்காசி முஸ்லிம்களும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பெயர்ந்தனர். பிற தமிழ் முஸ்லிம் வணிகர் பெரும்பாலும் மனைவியை ஊரில் விட்டுத் தனித்துச் செல்ல, இவ்விரு ஊராரிடையே குடும்பத்தோடு குடியேறும் வழக்கம் மிகுந்திருந்தது. இவ்வேறுபாடு பின்னாளில் சட்டத்தின்முன் பெரும்பொருள் பெற்றது.

இலங்கைச் சட்டமும் மனைவியின் வசிப்பும்

1949-ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம், 1946 சனவரி 1-க்கு முன் மணமானவர் 7 ஆண்டுகளும் மணமாகாதவர் 10 ஆண்டுகளும் இலங்கையில் இடையறாது வசித்திருக்க வேண்டும் என்றது. மணமான ஆண் விண்ணப்பித்தால், திருமணமான ஓராண்டுக்குள் அவர் மனைவியும் இலங்கைக்கு வந்து தொடர்ந்து வசித்திருத்தல் வேண்டும். ஒரே தடவையில் பன்னிரண்டு மாதங்களைக் கடவாத பயணங்கள் வசிப்பின் தொடர்ச்சியைக் கெடுப்பனவாகக் கருதப்படவில்லை.

இந்நிபந்தனை குடும்ப வழக்கத்தோடு முரண்பட்டது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்வதும், மூத்தோரின் நோயை முன்னிட்டு மாமியார் வீட்டில் தங்குவதும் தமிழ்ப் பெண்ணின் கடமைகளாகக் கருதப்பட்டவை. அத்தங்கல் ஓராண்டைக் கடந்தால், கடமையே தகுதிக் குறைவாயிற்று.

சான்றுகளின் இயல்பும் இங்குக் கருதத்தக்கது. தோட்டத்தில் கொழுந்து பறித்த பெண்ணின் வருகை செக்ரோலில் நாள்தோறும் பதிவாயிற்று. கொழும்பில் கடை நடத்திய திருநெல்வேலி வணிகரின் மனைவிக்கு அத்தகைய பதிவேடு எதுவுமில்லை. கூலியுழைப்பு பெண்ணை ஆவணத்தில் ஏற்றியது; வீட்டுழைப்பு ஏற்றவில்லை. 1951 ஆகஸ்ட் வரை ஏறத்தாழ 2.37 இலட்சம் விண்ணப்பங்கள் அளிக்கப்பட்டன. அவற்றில் அடங்கியோர் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர். குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1.34 இலட்சம் பேர் மட்டுமே. எஞ்சியோரின் நிலையே 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு இட்டுச் சென்றது.

மலாயாவும் ஐந்தாண்டு எல்லையும்

மலாயாவில் நிலைமை வேறு வகையில் அமைந்தது. 1953 ஆகஸ்ட் 1-இல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் புதியோரின் வரவைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. ஆயினும் அங்கு வசிப்போரின் மனைவி மக்களுக்கு வழி திறந்தே இருந்தது. 1959-ஆம் ஆண்டின் திருத்தம் அவ்வழியையும் குறுக்கியது. 1954 டிசம்பருக்குப்பின் தொடர்ந்து ஐந்தாண்டுகள் கணவரைப் பிரிந்து வாழ்ந்த மனைவியருக்கும், ஆறு வயதைக் கடந்த பிள்ளைகளுக்கும் நுழைவு மறுக்கப்பட்டது.

இத்திருத்தம் தொலைவைப் பிரிவாக மாற்றியது. மாதந்தோறும் வரும் மணியார்டர், கடிதப் போக்குவரத்து, மகளின் திருமணத்துக்குச் சேர்த்த நகை ஆகியவற்றால் உயிர்த்திருந்த மணவாழ்வு சட்டத்தின் பார்வையில் பிரிந்த வாழ்வாயிற்று. பள்ளிவாசல் ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடு திருமணம் நிகழ்ந்த ஒரு நாளைக் காட்டும்; அதன் பின்னர்ச் சேர்ந்து கழித்த நாள்களைக் காட்டாது. ‘ரஜுலா’ போன்ற கப்பல்களில் வந்து சென்றோரின் கடவுச்சீட்டிலுள்ள துறைமுக முத்திரைகளே மணவாழ்வின் நாட்குறிப்பாக அமைந்தன.

முன்னரே குடும்பத்தோடு குடியேறிய கடையநல்லூர், தென்காசிக் குடும்பங்களை இந்நெருக்கடி ஒப்பீட்டளவில் குறைவாகவே தொட்டிருக்க வேண்டும். சிங்கப்பூரில் இவர்கள் தஞ்சோங் பகார் பகுதியில் செறிந்து வாழ்ந்தனர். பெண்கள் மசாலா அரைத்து விற்றுக் குடும்ப வருவாயில் பங்கேற்றனர். 1941-இல் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தோன்றியது. அவ்வமைப்பு 1946-இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியை நிறுவியது. பிள்ளைகளுக்கெனப் பள்ளி தேவைப்பட்டது என்பதே இச்சமூகம் குடும்பமாக வேரூன்றியமைக்குச் சான்று. மசாலா அரைத்த தாயின் உழைப்பு பதிவேடு காணாதது; அவள் பிள்ளையின் பெயரோ பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் ஏறியது. தாயின் வசிப்பைப் பிள்ளையின் பெயர்வழியே அறியவேண்டிய நிலை இது.

இக்குடும்பங்கள் சட்டத்தை எதிர்நோக்கி இவ்வாறு குடியேறியவையல்ல. தறியின் வேலையைக் கணவனும் மனைவியும் பகிர்ந்து செய்வது நெசவாளர் வழக்கம். தொழில் மாறிய பின்னும் அவ்வழக்கம் நீடித்தது எனக் கொள்ள இடமுண்டு. வணிகக் குடும்பங்களில் கடை ஓர் ஊரிலும் வீடு வேறோர் ஊரிலும் இருந்தன. சட்டம் முதல் வகையை இயல்பென ஏற்று, இரண்டாம் வகையை ஐயுற்றது.

முடிவுரை

இரு சட்டங்களும் திருமணத்தின் உண்மையை ஒரே கூரையைக் கொண்டு அளந்தன. வறுமையும் தொழிலும் பிரித்துவைத்த தம்பதியர் அவ்வளவுகோலில் தேறவில்லை; அதன் சுமை ஊரில் காத்திருந்த பெண்கள்மேல் மிகுதியாக விழுந்தது. 1986 முதல் அமெரிக்கா, திருமணமாகி ஈராண்டு நிறையாத வாழ்க்கைத்துணைக்கு நிபந்தனையோடு கூடிய வதிவுரிமையையே வழங்குகிறது. வாடகை ஒப்பந்தமும் கூட்டு வங்கிக்கணக்கும் இன்று அதே கேள்விக்கு விடையாகக் காட்டப்படுகின்றன. புலப்பெயர்வு வரலாற்றைக் குடியேறிய நாட்டின் ஆவணங்களைக்கொண்டு மட்டும் எழுதினால், சான்று காட்ட இயன்ற குடும்பங்களே வரலாற்றில் எஞ்சும். ஜமாஅத் பதிவேடுகள், பள்ளிச் சேர்க்கை ஏடுகள், குடும்பக் கடிதங்கள், வாய்மொழி வழக்காறுகள் ஆகியவற்றைத் தென்காசி வட்டாரத்திலிருந்தே திரட்டும்போதுதான் கடல் கடவாத மனைவியரும் அவ்வரலாற்றில் இடம்பெறுவர்.