வாளி தூக்கியவர்களின் நிய்யத்

துருக்கியில் இன்று இஸ்மித் என வழங்கும் நகருக்கு உரோமர் காலத்தில் நிக்கோமீடியா என்று பெயர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஒரு பெருந்தீ மூண்டது. மாகாண ஆளுநரான இளைய பிளினி அவ்வேளை வேறொரு பகுதியில் சுற்றுப் பயணத்தில் இருந்தார். வீடுகள் பல எரிந்தன. தெருவின் இரு மருங்கிலும் நின்ற இரண்டு பொதுக் கட்டடங்களும் எரிந்தன. பலத்த காற்று ஒரு காரணம். மற்றக் காரணத்தையும் பிளினி பேரரசர் ட்ரேஜனுக்கு ஒளிக்காமல் எழுதினார்: சனங்கள் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்; ஊரில் ஒரு பம்பியோ வாளியோ இருக்கவில்லை. ஆகவே கைவினைஞர்களைக் கொண்டு 150 பேருக்கு மேற்படாத ஒரு தீயணைப்புச் சங்கம் அமைக்க அனுமதி வேண்டும் என்று அவர் கேட்டார். இத்தனை பேரைக் கண்காணிப்பது கஷ்டமல்ல என்றும் முன்கூட்டியே சமாதானம் சொன்னார்.

ட்ரேஜன் மறுத்துவிட்டார். அந்த மாகாணத்தைக் கலக்கியவை இத்தகைய சங்கங்களே. என்ன பெயரில், என்ன நோக்கத்தில் ஆட்களைக் கூட்டினாலும் சிறிது காலத்தில் அது அரசியற் கூட்டமாகிவிடும். எனவே கருவிகளை மாத்திரம் வாங்கி வையுங்கள், தேவைப்பட்டால் கூடி நிற்கும் சனத்தைப் பாவியுங்கள் என்பதே அவருடைய பதிலின் சாரம்.

வரலாறு படிப்பிக்கும் எனக்கு இந்தக் கடிதங்கள் மேல் ஒரு தனிப் பிரியம் உண்டு. சம்பளம் இல்லாமல் ஒருவன் இன்னொருவனுடைய வீட்டு நெருப்புக்குள் ஏன் போகிறான் என்ற கேள்வி இவற்றில்தான் எனக்கு முதலில் எதிர்ப்பட்டது. ட்ரேஜன் சந்தேகப்பட்டது அந்த 150 பேருடைய நிய்யத்தை. ஆனால் உரோமிலேயே ஒகஸ்டஸ் கி.பி. 6இல் அமைத்த காவற் படை இருந்தது. விடுதலை பெற்ற அடிமைகளைக் கொண்ட ஏழு அணிகள் இரவில் அந்நகரின் தீயைக் காத்தன. கி.பி. 24இல் வந்த ஒரு சட்டம், முழுக் குடியுரிமை இல்லாதிருந்த விடுதலையாளர் அப்படையில் ஆறு ஆண்டுகள் பணியாற்றினால் அவ்வுரிமையைப் பெறலாம் என்றது. அங்கே நோக்கம் வெளிப்படையாக இருந்தது. பேரரசுக்குப் பயந்தருவது, கூலி தெரியாத சேவைதான்.

தானாக முன்வந்து தீயணைப்பது என்றதும் அநேகமாக எல்லோரும் சொல்லும் பெயர் பெஞ்சமின் பிராங்ளின். பிலடெல்பியாவில் அவர் 1735இல் தமது பத்திரிகையில், ஒரு முதிய நகரவாசி எழுதியதுபோல, தீத்தடுப்புப் பற்றிக் கடிதமொன்றை வெளியிட்டார். 1736 டிசம்பர் 7ஆம் திகதி யூனியன் தீயணைப்புக் கம்பனி உருவானது. உறுப்பினர் முப்பது பேர். ஒவ்வொருவரும் குறித்த தொகையான தோல் வாளிகளையும், உறுதியான பைகளையும் கூடைகளையும் எப்போதும் தயாராக வைத்திருக்க வேண்டும். வாளி தண்ணீருக்கு. பை, எரியும் வீட்டிலிருந்து சாமான்களைப் பத்திரமாக வெளியே கொண்டு வருவதற்கு. மாதம் ஒரு முறை கூடி, தீயைப் பற்றிப் பேசி, ஒன்றாக மாலைப் பொழுதைக் கழிப்பர். கூட்டத்துக்கு வராதவர் குற்றப் பணம் கட்டுவார். அந்தப் பணத்திலேயே பம்பியும் ஏணியும் கொளுக்கியும் வாங்கப்பட்டன. வராதவர்களால் வளர்ந்த சங்கம் என்று நான் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு.

பிராங்ளின் பிறந்த ஊரான பொஸ்டனிலும் இதற்கு முன்பே இத்தகைய கழகங்கள் இருந்தன. அவை உறுப்பினரின் உடைமைகளைக் காப்பதற்கே உடன்பட்டவை. பிலடெல்பியாவில் உறுப்பினரல்லாதார் வீட்டுக்கும் ஓடினார்கள். முப்பதுக்கு மேல் ஆள் சேர்ந்தபோது புதியவர்களை வேறொரு கம்பனி அமைக்கச் சொன்னார்கள். இப்படி ஒன்றன்பின் ஒன்றாகப் பல முளைத்தன. பிராங்ளின் தமது சுயசரிதையில், சொத்துள்ள நகரவாசிகளில் பெரும்பாலோர் ஏதாவதொரு கம்பனியில் சேர்ந்துவிட்டதாக எழுதுகிறார். 'சொத்துள்ள' என்ற அந்தச் சொல்லைத் தாண்டிப் போய்விடக் கூடாது. அண்டை வீடு எரிந்தால் தன் வீடும் எரியும், தன் கடைச் சரக்கும் எரியும். 1752இல் அதே நண்பர்கள் வட்டம் பரஸ்பரக் காப்புறுதிச் சங்கமொன்றையும் தொடங்கியது. அதன் சின்னம் ஒன்றையொன்று பற்றிய நான்கு கைகள்.

யாருடைய கைகள் அந்தக் கோப்பில் சேரலாம் என்பது பின்னர் தெரிய வந்தது. 1818இல் அதே பிலடெல்பியாவின் கறுப்பின மக்கள் தங்களுக்கென்று ஒரு தீயணைப்புச் சங்கத்தை அமைக்க முற்பட்டார்கள். வெள்ளையர் கம்பனிகள் அதை எதிர்த்தன. முயற்சி கைவிடப்பட்டது. நெருப்பை அணைக்க வரும் கைக்கு நிறம் பார்த்தார்கள் என்றால், அந்தச் சீருடையும் தொப்பியும் வெறும் சேவைக்கு உரியவையாக இருக்கவில்லை, நகரத்தில் தமக்குள்ள இடத்தின் அடையாளமாகவும் இருந்தன என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. சேவை செய்யும் உரிமையை மறுப்பதும் ஒரு மனிதனை ஊருக்கு வெளியே நிறுத்துவதுதான்.

இருபது ஆண்டுகள் கழித்து, 1838 மே 14ஆம் திகதி, அடிமை ஒழிப்பாளர்கள் அங்கே பென்சில்வேனியா மண்டபத்தைத் திறந்தனர். கறுப்பரும் வெள்ளையரும், ஆண்களும் பெண்களும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்ததைப் பொறுக்காத கும்பல் 17ஆம் திகதி இரவு அதற்குத் தீ வைத்தது. தொண்டர் கம்பனிகள் வந்தன. பம்பிகள் வேலை செய்தன. ஆனால் தண்ணீர் பாய்ச்சப்பட்டது பக்கத்துக் கட்டடங்களுக்கு. மண்டபம் எரிந்து முடிந்தது. திறந்து மூன்று நாள்! நிக்கோமீடியாவில் சனங்கள் வாளியில்லாமல் நின்றார்கள். இங்கே வாளியும் பம்பியும் பயிற்சியும் எல்லாம் இருந்தன. சிறுபான்மையினராய் வாழ்ந்து, தீயைக் கண்டிருக்கும் எவருக்கும் இந்த இரவை விளக்க வேண்டியதில்லை.

இதன் பின்னர் வந்த போட்டிகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். நியூயோர்க்கில் தெருக் குழாயை முதலில் பிடிக்கும் கம்பனிக்கே பெருமை. ஆகவே ஒருவன் முன்னால் ஓடிப் போய்க் குழாயின் மேல் ஒரு பீப்பாயைக் கவிழ்த்துவிட்டு, தன் ஆட்கள் வரும்வரை காவல் இருப்பான். இரண்டு கம்பனிகள் தெருவில் அடிபட, பின்னால் வீடு எரியும். அமெரிக்கஸ் என்ற ஆறாம் இலக்கக் கம்பனியின் தலைவனாயிருந்து, அந்தச் செல்வாக்கினால் 1851இல் நகர சபைக்குப் போனவர் வில்லியம் ட்வீட். நியூயோர்க்கின் பொதுப் பணத்தைக் கொள்ளையிட்டுச் சிறையில் 1878இல் இறந்த அதே ட்வீட். ட்ரேஜன் இருந்திருந்தால் தலையை ஆட்டிச் சிரித்திருப்பார். சின்சினாட்டி 1853இல் சம்பளப் படையை அமைத்தது. நியூயோர்க் 1865இலும் பிலடெல்பியா 1871இலும் அவ்வழி சென்றன.

நமக்கு நெருக்கமான இன்னொரு நகரத்திலும் இதே கதை நடந்தது. இஸ்தான்பூல் மர வீடுகளின் நகரம். பிரான்சில் பிறந்து இஸ்லாத்தைத் தழுவிய தாவூத் என்பவர் செய்த பம்பியைப் பார்த்து, 1720இல் 'துலும்பாஜி' எனப்படும் தீயணைப்போரின் படைப்பிரிவு ஜானிசாரிப் படையோடு இணைத்து நிறுவப்பட்டது. 1826 ஜூனில் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் ஜானிசாரிகளை ஒழித்தபோது அதுவும் சேர்ந்து போனது. அதே ஆண்டு ஓகஸ்டில் ஹோஜாபாஷாப் பகுதியில் மூண்ட தீ நகரின் பெரும் பகுதியைத் தின்றது. அணைக்கத் தெரிந்தவர்கள் இல்லை. பயந்த அரசு தான் கலைத்ததைத் திரும்பக் கட்ட வேண்டியதாயிற்று. 1828இல் பெயசித்தில் கல்லாலான காவற் கோபுரம் எழுந்தது.

பின்னாளில் ஒவ்வொரு மஹல்லாவுக்கும் ஒரு பம்பி, ஒரு குழு. பம்பிப் பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு வெறுங்காலுடன் குறுகிய தெருக்களில் ஓடுவார்கள். முஸ்லிம் மஹல்லாக்களில் மாத்திரமல்ல, கிரேக்க, ஆர்மீனிய, யூதத் தெருக்களிலும் துலும்பாஜிகள் இருந்தனர். யார் முதலில் போய்ச் சேர்வது என்பதில் மானம் தங்கியிருந்தது. வழியில் இரு குழுக்கள் சந்தித்தால் கைகலப்பு. ஒன்றையொன்று அறியாத பிலடெல்பியாவும் இஸ்தான்பூலும் ஒரே மாதிரி அடிபட்டிருக்கின்றன. 1870இல் பேரா பகுதி எரிந்த பின்னர் ஹங்கேரியரான செச்செனி என்பவரைக் கொண்டு 1874இல் ஒழுங்கான படை அமைக்கப்பட்டது.

இவ்வளவையும் படித்துவிட்டு, பெருமைக்காகவும் பயத்துக்காகவும் ஓடியவர்களைத் தள்ளிவிடலாமா என்றால், எனக்கு மனம் வரவில்லை. கிடுகு வேய்ந்த வீடுகள் நிறைந்திருந்த எங்கள் கிழக்குக் கரை ஊரில், கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஒரு குசினிப் பொறி போதும். நான் சிறுவனாயிருந்தபோது அப்படியொரு வீடு பற்றியது. கிணற்றடியிலிருந்து குடமும் வாளியும் கைமாறி வந்தன. முதலில் கூரையில் ஏறிக் கிடுகை இழுத்து விழுத்தியவர், அந்த வீட்டுக்காரரோடு வேலித் தகராறில் வருடக்கணக்காய்ப் பேசாதிருந்த ஒருவர். பெரியவர்கள் அவருடைய நல்ல மனத்தைப் புகழ்ந்தார்கள். அவர் என்னைப் பார்த்து, "காத்து என்ட ஊட்டுப் பக்கமெல்லா அடிச்சிச்சி மனே" என்று சொல்லிவிட்டுப் போனார். மெய்யாயிருக்கலாம். புகழ்ச்சிக்குக் கூச்சப்பட்டும் சொல்லியிருக்கலாம். நிய்யத்தை அறிந்தவன் அல்லாஹ். கூரை இறங்கியதை மாத்திரம் நாங்கள் கண்டோம்.

நிய்யத் சுத்தமாயிருந்தும் காரியம் கெட்ட கதையும் உண்டு. 1904 பெப்ரவரி 7, ஞாயிறு காலை பால்டிமோரில் தீ. வோஷிங்டனிலிருந்து பம்பிகள் ரயிலேறி வந்தன. பிலடெல்பியாவும் நியூயோர்க்கும் உதவி அனுப்பின. போட்டி இல்லை, பீப்பாய் இல்லை. வந்தவர்கள் தங்கள் குழாய்களை எடுத்து பால்டிமோரின் தெருக் குழாயில் பூட்டப் பார்த்தபோது புரி பொருந்தவில்லை! ஒவ்வொரு நகரமும் தன் குழாய் வாயைத் தன் அளவில் செய்து வைத்திருந்தது. சுமார் முப்பது மணி நேரம் எரிந்து 1,500இற்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. மறு ஆண்டு, 1905இல், தேசிய தீப்பாதுகாப்புச் சங்கம் பொது அளவொன்றை வகுத்தது. ஆனாலும் 1991 ஒக்டோபரில் கலிபோர்னியாவின் ஓக்லண்ட் மலைகளில் 25 பேரைப் பலிகொண்ட தீயின்போது, அந்நகரின் குழாய் வாய் மூன்று அங்குலம், உதவிக்கு வந்த அயல் படைகளின் குழாய் இரண்டரை அங்குலம். இடையில் எண்பத்தாறு ஆண்டுகள். ஒருவருக்கொருவர் உதவுவோம் என்று கையொப்பமிடுவது இலகு. என் குழாயின் அளவை உன் அளவுக்கு மாற்றுகிறேன் என்பதில்தான் கௌரவம் குறுக்கே வருகிறது போலும்.

சம்பளப் படைகள் வந்ததோடு தொண்டர்கள் மறையவில்லை. 2020இல் அமெரிக்காவின் தீயணைப்போரில் நூற்றுக்கு 65 பேர் தொண்டர்கள், ஏறக்குறைய 6,77,000 பேர். 1984இல் அவர்கள் 8,97,000இற்கும் அதிகம். சில்லியில் தீயணைப்பே தொண்டர் பணி. 1851இல் வல்பரைசோவில் முதற் கம்பனி தோன்றியது. ஜெர்மானியர், பிரெஞ்சுக்காரர், இத்தாலியர் என்று குடியேறியவர்கள் தனித்தனிக் கம்பனிகள் அமைத்தனர். வந்தேறிய ஊரில் நானும் இவ்வூரான் என்று காட்ட வேறு நல்ல வழி எது? உறுப்பினர்கள் சம்பளம் வாங்குவதில்லை. மாறாகச் சந்தா கட்டுகிறார்கள். அதே வல்பரைசோப் பிரதேசத்தில் 2024 பெப்ரவரியில் 130இற்கும் மேற்பட்டோரைக் கொன்ற காட்டுத் தீயை மூட்டியதாக அவ்வாண்டு மே மாதம் கைதானவர்களில் ஒருவர், தொண்டர் தீயணைப்பாளர். அந்தக் கம்பனிகள் கலைக்கப்படவில்லை.

நிக்கோமீடியாவுக்கு, அதாவது இஸ்மித்துக்கு, 1999 ஓகஸ்ட் 17ஆம் திகதி அதிகாலை பூகம்பம் வந்தது. 17,000இற்கும் மேற்பட்டோர் இறந்தனர். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நாட்கணக்கில் எரிந்தது. இடிபாடுகளில் ஆட்களைத் தேடி முன்னணியில் நின்றது 1996இல் அமைந்த அகூட் என்ற தொண்டர் குழு. நூற்றாண்டுப் பகையைக் கொண்ட கிரேக்கத்திலிருந்தும் மீட்புக் குழுவினர் வந்தனர். மூன்று வாரத்தில், செப்டம்பர் 7ஆம் திகதி, ஏதென்ஸ் அதிர்ந்தது. அகூட்டின் தொண்டர்கள் தங்கள் கயிறுகளையும் கருவிகளையும் எடுத்துக்கொண்டு அங்கே போனார்கள்.