பளிங்கில் இல்லாத தழும்பு

உரோமையில் தூய பேதுரு பேராலயத்தின் முன், இறைமக்களை அணைக்க நீண்ட கரங்களாய் நிற்கும் தூண்வரிசைகளை அமைத்த சிற்பி பெர்னினியை நாம் அறிவோம். அவர் 1637-ஐ ஒட்டி வடித்த ஒரு பெண்மணியின் மார்பளவுப் பளிங்குச் சிலை, புளோரன்சு நகரின் பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் உள்ளது. சற்றே திறந்த இதழ்கள். ஏதோ சொல்ல வருவது போன்ற பார்வை.

அப்பெண்மணியின் பெயர் கொஸ்தான்சா. திருத்தந்தையர் இருவரைத் தந்த பிக்கொலோமினி உயர்குடியின், செல்வம் குன்றிய கிளையொன்றில் பிறந்தவர். பெர்னினியின் உதவிச் சிற்பி மத்தேயோவின் மனைவி. சிற்பி அவரோடு கொண்ட தகாத உறவின் சின்னமே இச்சிலை.

தம் தம்பி லூயிஜியும் அவரை நாடுவதை 1638-இல் அறிந்த பெர்னினி, தம்பியை இரும்புத் தடியால் அடித்து விலா எலும்பை முறித்தார். பணியாளை ஏவிக் கொஸ்தான்சாவின் முகத்தைச் சவரக்கத்தியால் கிழிக்கச் செய்தார். பணியாள் நாடுகடத்தப்பட்டான். காயமுற்ற கொஸ்தான்சா பெண்களுக்கான காப்பு மடமொன்றில் அடைக்கப்பட்டார். பெர்னினிக்கு விதிக்கப்பட்ட 3000 ஸ்கூதி தண்டத்தையோ, திருத்தந்தை எட்டாம் உர்பான் மன்னித்துவிட்டார்.

விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணை மட்டும் ஆண்டவர் முன் இழுத்து வந்தவர்கள், உடனிருந்த ஆடவனைக் கொண்டுவரவில்லை. இயேசு அவளைத் தீர்ப்பிடவில்லை. உரோமையில் இரக்கம் கலைமேதைக்கே கிட்டியது.

1639-இல் விடுதலை பெற்றுக் கணவரிடம் திரும்பிய கொஸ்தான்சா, பின்னாளில் கலைப்பொருள் வணிகம் நடத்தி, 1662-இல் மறைந்தார். பளிங்கு முகத்தில் தழும்பு இல்லை. அவர் முகமோ கத்தியின் காயத்தைத் தாங்கியது. நம் குடும்பங்களிலும் பங்குகளிலும் வழக்குத் தீர்க்க அமரும்போது, செல்வாக்குள்ளவரை மன்னிக்குமுன், காயமுற்ற முகத்தை ஒருமுறை நிமிர்ந்து நோக்குவோமாக.