‘சோங் ஒஃப் சிலோன்’ படத்தில் பேசுவது யார்?



1978 நவம்பர் 23 சூறாவளியைப் பற்றி நமது ஊர்ப் பிள்ளைகள் போனில் எடுத்த வீடியோவைப் போன வருடம் நாம் எல்லோரும் பகிர்ந்தோம். ஏழு நிமிடம். அதில் மூத்தம்மா பேசுவது ஒரு நிமிடம்கூட வராது. மீதியெல்லாம் ட்ரோன் காட்சி, சோக இசை, கனத்த குரலில் ஒரு தம்பியின் வர்ணனை. மூத்தம்மா இந்த றமழானுக்கு முன் வபாத்தாகிவிட்டார். முழுப் பதிவைக் கேட்டோம். போனில் இடமில்லை என்று அழித்துவிட்டார்களாம்.

பிள்ளைகளைக் குறை சொல்ல வரவில்லை. விவரணப்படம் என்றால் அப்படித்தான் என்று நாமும் நினைத்துத்தானே கைதட்டினோம். இந்தப் பழக்கம் பழையது, நமது நாட்டிலும் வேர் உண்டு.

1934இல் தேயிலைப் பிரசார சபையின் பணத்தில் பஸில் ரைட் என்ற ஆங்கிலேய இளைஞர் கமெராவோடு இலங்கை வந்தார். கேட்டது நான்கு சிறிய பயணப்படங்கள். அவர் கொடுத்தது நான்கு பகுதிகள் கொண்ட ஒரே படம், ‘சோங் ஒஃப் சிலோன்’. தயாரிப்பாளர் ஜோன் கிரியர்சன். 1935இல் பிரசல்ஸ் விழாவில் முதற்பரிசு பெற்றது. நாம் பாவா ஆதம் மலை என்று சொல்லும் சிவனொளிபாத மலையில் யாத்திரிகர் ஏறும் காட்சி இதில் உண்டு. கவிதை போன்ற படம், மறுக்க முடியாது.

ஆனால் ஒலியைக் கவனியுங்கள். காட்சி இங்கே எடுத்தது, ஒலி லண்டனில் சேர்த்தது. வர்ணனைக் குரல் கொழும்பின் லயனல் வென்ட். அவர் வாசிப்பது றொபட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட புத்தகத்தை. (1660இல் நமது மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் 19 வருடம் கைதியாக இருந்து, மன்னார் அரிப்புக்குத் தப்பி ஓடினாரே, அதே நொக்ஸ்தான்.) 1934இன் மனிதர்களை விளக்குவது 250 வருடத்துக்கு முந்திய ஒரு வெள்ளைக்காரரின் வார்த்தை! மூன்றாம் பகுதியில் நம் நாட்டவர் வேலை செய்யும் காட்சிகளின் மேல் சந்தை விலையும் வியாபாரிகளின் பேச்சும் ஆங்கிலத்தில் ஓடும். சபையின் காசிலேயே வியாபாரத்தை இடித்துக் காட்டினார் ரைட் என்று புகழ்பவர்கள் உண்டு. எங்களுக்கு அதில் பாதிதான் சம்மதம். கொழுந்து பறிப்பவர் என்ன நினைத்தார் என்பதை அந்தப் படத்தில் யாரும் கேட்கவில்லை.

1948இல் நமது அரசாங்கத் திரைப்படப் பிரிவு தொடங்கியது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் ‘ரேகாவ’வுக்கு முன் வேலை பழகிய இடம். அங்கும் படத்துக்கு மேலே ஒரு குரல் விளக்கம் சொல்லும் முறைதான் பெரும்பாலும்.

வேறு வழி அப்போதே இருந்தது. அதே 1935இல் லண்டனில் ‘ஹவுசிங் புரொப்ளம்ஸ்’ என்ற படம் வந்தது. பணம் கொடுத்தவர்கள் எரிவாயுக் கம்பனிகளின் சங்கம்தான். ஆனாலும் எலியும் மூட்டைப்பூச்சியும் நிறைந்த வீட்டில் வாழ்ந்தவர்களே கமெராவைப் பார்த்துத் தங்கள் பாஷையில் பேசினார்கள். 1960இல் அமெரிக்காவில் ‘பிரைமரி’, கையில் தூக்கும் கமெராவோடு கென்னடியின் தேர்தல் பிரசாரத்தைப் பின்தொடர்ந்தது; வர்ணனை மிகக் கொஞ்சம்.

எங்களுக்கு மிகப் பிடித்தது 1960இல் பாரிஸில் ஜோன் ரூஷும் எட்கர் மோறனும் எடுத்த ‘ஒரு கோடையின் பதிவு’. எடுத்த காட்சிகளைப் பேசியவர்களுக்கே போட்டுக் காட்டினார்கள். இது உண்மை, இது நடிப்பு என்று அவர்கள் வாதாடியதையும் படத்திலேயே சேர்த்தார்கள். நமது வீடியோவை மூத்தம்மாவுக்கு யாராவது போட்டுக் காட்டினோமா?

சூறாவளியை நேரில் கண்டு, நினைவு தெளிவாக உள்ள மூன்று பேர் நமது மஹல்லாவில் இன்னும் இருக்கிறார்கள். இன்ஷா அல்லாஹ் வரும் வெள்ளி அஸருக்குப் பிறகு முதலாமவரின் வீட்டுக்குப் போகிறோம். ட்ரோன் வேண்டாம். யாரிடமாவது காலியான பென் டிரைவ் இருந்தால் இரண்டு கொண்டு வாருங்கள், ஒன்று அவருடைய வீட்டிலேயே இருக்கட்டும்.