வூடூ: ஒரு வரைகலை அட்டையின் எழுச்சியும் மறைவும்

1996ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்த அந்த வரைகலை அட்டையால் சாதாரணமாக ஓர் எழுத்தைக்கூடத் திரையில் காட்ட இயலாது. கணினியில் முன்பே இருக்கும் அட்டையிலிருந்து ஒரு வடம் இதற்கு வரவேண்டும். இதிலிருந்து இன்னொரு வடம் திரைக்குப் போகவேண்டும். முப்பரிமாண விளையாட்டு தொடங்கும்போது மட்டும் இது திரையைத் தன்வசம் எடுத்துக்கொள்ளும். ஆர்க்கிட் நிறுவனம் விற்ற அட்டையில் அந்தக் கைமாற்றம் 'டக்' என்று காதிலேயே விழும். இதுதான் த்ரீடிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ.

ராஸ் ஸ்மித், கேரி டரோலி, ஸ்காட் செல்லர்ஸ் ஆகியோர் 1994இல் தொடங்கிய நிறுவனம் அது. ஆடம்பரமான பணிநிலையக் கணினிகளின் வித்தையை வீட்டுக்குக் கொண்டுவர முனைந்தவர்களுக்கு நினைவகத்தின் விலையே பெருந்தடையாக இருந்தது. 1996இல் அவ்விலை சரிந்ததும் வழி திறந்தது. அட்டையில் இருந்தது 4 மெகாபைட். பாதி சட்டகத்துக்கு, பாதி பரப்புகளின்மேல் போர்த்தும் படங்களுக்கு. 640க்கு 480 புள்ளிகள், புள்ளிக்கு 2 பைட் என்று கணக்கிட்டால் ஒரு சட்டகத்துக்கு 6,14,400 பைட். காட்டப்படுவது ஒன்று, வரையப்படுவது ஒன்று, எது முன்னே எது பின்னே என்று ஆழத்தைக் குறித்துவைப்பது ஒன்று. மூன்றும் சேர்ந்து 18,43,200. இரண்டு மெகாபைட்டுக்குள் இறுக்கமாக அடங்கிவிடுகிறது. வெண்பாவின் தளையைப் போல, அளவே இங்கு வடிவத்தைத் தீர்மானித்தது என்பேன்.

1997இன் தொடக்கத்தில் வந்த க்வேக்கின் ஓபன்ஜிஎல் வடிவம் இவ்வட்டையின் புகழைப் பரப்பியது. 1998இல் வூடூ2, இரண்டு அட்டைகளைப் பூட்டினால் ஒன்றுவிட்டொரு வரியாகப் பகிர்ந்து வரையும்.

அதே ஆண்டின் இறுதியில்தான், என் எண்ணத்தில், வீழ்ச்சியின் விதை விழுந்தது. அதுவரை சில்லுகளை மட்டும் செய்து டயமண்ட், கிரியேட்டிவ் முதலியோருக்கு விற்றுவந்த நிறுவனம், எஸ்டிபி என்னும் அட்டைத் தயாரிப்பாளரை வாங்கப்போவதாக அறிவித்தது. நேற்றைய வாடிக்கையாளர்கள் இன்று போட்டியாளர்கள்! அவர்கள் வேறு சில்லைத் தேடாமல் என்ன செய்வார்கள்? தேடியவர்களுக்கு என்விடியா காத்திருந்தது. 1999இல் வந்த வூடூ3 முப்பரிமாணக் காட்சிகளில் 16 பிட் நிறத்தோடு நின்றுவிட, எதிராளியின் டிஎன்டி2 32 பிட்டைத் தந்தது. அவ்வாண்டே வெளிவந்த ஜீஃபோர்ஸ் 256, உருவங்களை நகர்த்தும் கணக்கையும் ஒளியேற்றும் கணக்கையும் மையச் செயலியிடமிருந்து வாங்கித் தானே செய்தது.

2000இல் வந்த வூடூ5 5500 இரண்டு சில்லுகளையும் தனி மின்னிணைப்பையும் கேட்டது. நான்கு சில்லு கொண்ட 6000 கடைக்கே வரவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் நிறுவனத்தின் முக்கியச் சொத்துகளை வாங்கிக்கொள்ள என்விடியா உடன்பட்டது. 2002இல் த்ரீடிஎஃப்எக்ஸ் திவாலானது.

வூடூ அட்டைகளுக்கென்றே அமைந்த கிளைட் என்னும் மென்பொருள் இடைமுகத்தை நம்பி எழுதப்பட்ட விளையாட்டுகள் அநாதைகளாயின. பின்னர் ஆர்வலர்கள் எழுதிய மாற்றி நிரல்கள் அந்த அழைப்புகளைப் புதிய அட்டைகளுக்குப் புரியும்படி பெயர்த்துச் சொல்கின்றன. அவற்றின் தயவில்தான் அவ்விளையாட்டுகளில் பலவற்றை இன்றும் ஆட முடிகிறது.