நீரும் கழிவும் எல்லைகளும்: யாழ்ப்பாண நகர் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணத்து வரலாற்றை எழுதப் புகுந்தோர் அரசர்களையும், கோயில்களையும், கல்விச்சாலைகளையும் பற்றி விரிவாகவே எழுதியுள்ளனர். நகர மக்கள் குடித்த நீர் எங்கிருந்து வந்தது, அவர்கள் கழித்தவை எங்கே போய்ச் சேர்ந்தன என்ற வினாக்களை எழுப்பியோர் மிகச் சிலரே. குப்பை வரலாற்றுக்குரிய பொருளன்று என்னும் எண்ணம் எம்மிடையே வேரூன்றியிருந்தமைக்கு, அதனை அள்ளியோர் வரலாற்றில் இடம்பெறத்தக்கவரல்லர் என்ற சமூக எண்ணமும் ஒரு காரணமாகும். நீரையும் கழிவையும் வேறுவேறாக அன்றி ஒருசேர நோக்கவே இக்கட்டுரையில் நாம் முற்படுகின்றோம். அவ்வாறு நோக்குமிடத்து, இந்நகரம் தனக்கு வேண்டிய நீரை எல்லைக்கு அப்பாலிருந்து பெற்றும், தனக்கு வேண்டாதவற்றை எல்லைக்கு அப்பால் ஒதுக்கியும் வாழ்ந்து வந்துள்ளமை புலனாகும். நிலத்தின் கீழுள்ள சுண்ணாம்புக்கல்லுக்கோ எல்லை என்பது இல்லை.

முதலில் நிலத்தின் இயல்பை நோக்குவோம். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு எதுவுமில்லை. வழுக்கையாறு மாரியில் ஓடிக் கோடையில் வற்றுவது. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர் வரை பெய்யும் மழையின் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரையான குறுகிய காலத்திலேயே கிடைத்துவிடுகின்றது. அம்மழை மயோசின் காலச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி உயரத்துக்கு நன்னீர் நிற்குமாயின், அதன் கீழே ஏறத்தாழ நாற்பதடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நீரியலார் கொள்ளும் பொது விதி. இதனை மறுதலையாகவும் கொள்ளலாம். மேலே ஓரடி குறையுமாறு இறைத்துவிட்டால் கீழே நாற்பதடிக்கு உவர்நீர் மேலெழும். கரையோரத்துக் குருநகர், நாவாந்துறை ஆகிய பகுதிகளிலே கிணறு வெட்டியோர் சவர்த்தண்ணீரையே கண்டனர். நகரின் உட்பகுதியில் வாழ்ந்தோர் நல்ல தண்ணீர் பெற்றனர். ஒரே நகரத்துக்குள் நீரின் சுவையாலேயே இருவகை வாழ்வு அமைந்தது எனலாம்.

நகரசபைகள் தோன்றுவதற்கு முன்னர் நீரும் கழிவும் வளவுக்குள் அடங்கிய விடயங்களாகவே இருந்தன. கிணற்றடியில் வழிந்த நீர் வாழைக்குப் பாய்ந்தது. சாணமும் சாம்பலும் சருகும் குப்பைக் கிடங்கிற் சேர்ந்து, காலம் வந்ததும் வண்டிலேறிப் புகையிலைத் தோட்டத்துக்குச் சென்றன. குப்பை என்ற சொல்லே எமது கமக்காரரிடையே பசளை என்ற பொருளில் வழங்கியமை நினைவுகூரத்தக்கது. ஒரு வண்டில் குப்பைக்கு விலையிருந்தது. காணி உறுதிகளிற் கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் தவறாது எழுதப்பட்டன. நீர் அத்துணை நுணுக்கமாகப் பங்கிடப்பட்ட சொத்தாகும்.

இவ்வொழுங்கை ஒரு பொற்காலமாகக் காட்ட நாம் விரும்பவில்லை. பங்கில்லாதவர்க்கு நீருமில்லை. பஞ்சமர் எனப்பட்ட மக்கள் உயர்சாதியினரின் கிணற்றிலே தாமே அள்ளிக் குடிக்க இயலாது, வேறொருவர் வார்க்கும்வரை குடத்துடன் காத்துநின்ற நிலை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை நீடித்தது. 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் அதனைக் குற்றமாக்கிய பின்னரும் அவ்வழக்கம் உடனே ஒழிந்துவிடவில்லை. கே. டானியல் தம் நாவலொன்றுக்குத் ‘தண்ணீர்’ என்றே பெயரிட்டமை தற்செயலானதன்று. கிணற்றின் கட்டு இந்நகரத்தின் முதல் எல்லைக்கோடாகும்.

பிரித்தானியர் ஆட்சியிலே கொள்ளைநோய்ப் பயமே உள்ளூராட்சிக்கு வழிவகுத்தது. 1866, 1867 ஆம் ஆண்டுகளிற் குடாநாட்டை வாட்டிய வாந்திபேதி அதற்கொரு சான்று. கொழும்பும் கண்டியும் 1865 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே மாநகரசபைகளைப் பெற்றன. யாழ்ப்பாணம் 1906 இல் உள்ளூர்ச் சபையொன்றையும், 1921 இல் நகர மாவட்டச் சபையையும், 1940 இல் நகரசபையையும், 1949 இல் மாநகரசபையையும் பெற்றது. இவ்வளர்ச்சியை விவரிப்போர் அரசியல் உரிமையின் படிகளாகவே அதனைக் காட்டுவர். நாளாந்த நடப்பிலோ அச்சபைகளின் தலையாய பணி தெருவைக் கூட்டுவதும் வாளி மலசலகூடங்களை வெறுமையாக்குவதுமாகவே இருந்தது.

1947 ஆம் ஆண்டின் மாநகரசபைகள் கட்டளைச் சட்டத்தில் இது குறித்து ஊன்றி நோக்கத்தக்க பிரிவொன்றுண்டு. சபை சேகரிக்கும் தெருக்குப்பை, வீட்டுக்குப்பை, மலக்கழிவு யாவும் சபையின் சொத்தாகும் எனவும், அவற்றை விற்கவோ வேறுவகையில் அகற்றவோ சபைக்கு முழு அதிகாரமுண்டு எனவும் அது கூறுகின்றது. இன்றைய வாசகருக்கு இது நகைப்பைத் தரக்கூடும். ஆயின் சட்டத்தை வரைந்தோர் மனத்தில் இருந்தது குப்பைக்கு விலையிருந்த உலகமாகும். கழிவைச் சொத்தெனக் கருதிய சட்டம், அதனை வாங்க ஒருவரும் இல்லாத காலத்தில் என்ன செய்வது என்பதைச் சிந்திக்கவில்லை.

கழிவைச் சொத்தென்றது சட்டம்; அதனைச் சுமந்தோர் நிலையோ வேறு. அதிகாலையில், ஊர் விழிக்குமுன், வீட்டின் பின்புறத்து ஒழுங்கையால் வந்து வாளியை எடுத்துச் சென்றவர்களுட் பெரும்பாலார் தென்னிந்தியாவிலிருந்து இத்தொழிலுக்கென்று கொண்டுவரப்பட்டோரும் அவர்தம் வழிவந்தோருமாவர். பின் ஒழுங்கை என்பதே அவர்கள் முன்வாசலுக்கு வரலாகாது என்பதற்காக அமைந்த பாதையன்றோ? 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரின் குடியுரிமையைப் பறித்தபோது, நகரசுத்தித் தொழிலாளர்க்கு அதிலிருந்து விலக்கு அளிக்கப்படவில்லை. அடுத்த ஆண்டிலேயே யாழ்ப்பாணம் மாநகரமென்னும் தகுதியைப் பெற்றது. இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒருங்குவைத்து எழுதிய நூலெதனையும் நாம் கண்டிலோம்.

நகரின் கழிவு வரலாற்றிலே பெரும் திருப்பம் 1960களிலும் 1970களிலும் நிகழ்ந்தது. அதனை விளைவித்த மாற்றங்கள் இரண்டும் தம்மளவில் நன்மையானவை. செயற்கைப் பசளை தாராளமாகக் கிடைத்தது. துலா மிதித்து நீரிறைத்த இடத்தில் நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. 1970 இன் பின்னர் வெங்காயம், மிளகாய் ஆகியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டமையால் வலிகாமத்துத் தோட்டங்கள் செழித்தன. ஆயின் நகரத்துக் குப்பைக்கு இருந்த வாடிக்கையாளர் மறைந்தனர். மறுபுறம் வாளி மலசலகூடம் படிப்படியாக ஒழிந்து, நீரடைப்பு மலசலகூடம் பரவியது. மனிதன் மனிதனின் மலத்தைச் சுமந்த இழிவு இதனால் நீங்கியது. இதனைக் குறைத்து மதிப்பிடுவோருடன் எமக்கு உடன்பாடில்லை. எனினும் வாளியின் இடத்தைப் பிடித்தது நிலக்கீழ்ச் சாக்கடையன்று. வளவு தோறும் வெட்டப்பட்ட ஊறற்குழி. முன்னர் வண்டிலில் நகருக்கு வெளியே சென்றது, இப்போது கிணற்றின் அயலிலேயே நிலத்தினுள் இறங்கலாயிற்று.

கிணற்றுக்கும் குழிக்கும் இடையே ஐம்பதடி தூரம் வேண்டுமென்பர் சுகாதாரப் பரிசோதகர். சீதனமாகப் பிரிந்து பிரிந்து ஓரிரு பரப்பாகச் சுருங்கிவிட்ட நகர்க் காணிகளில் ஐம்பதடிக்கு எங்கே போவது? தன் கிணற்றுக்குத் தூரமாக வெட்டிய குழி அயலவன் கிணற்றுக்கு அண்மையதாக அமைந்துவிடுகின்றது. மணல் நிலமாயின் கழிவுநீர் வடிந்து ஓரளவேனும் தூய்மையுறும். வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல்லிலோ அது வாய்க்காலில் ஓடுவதுபோல் ஓடிவிடும். 1980களில் நிகழ்ந்த ஆய்வுகள் குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் விதித்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் அளவைக் கடந்துவிட்டதைக் காட்டின. தோட்டத்துப் பசளையும் வீட்டுக் குழியும் அதற்குப் பொறுப்பாயின. நைத்திரேற்று நிறமோ மணமோ சுவையோ அற்றது. கிணற்று நீரின் சுவையைக் கொண்டே ஊரின் பெருமை பேசிய எம்மவர்க்கு அது புலப்படாமற் போனதில் வியப்பில்லை.

மாநகரசபை தான் குழாய்வழி வழங்கிய நீரைக் கோண்டாவில், திருநெல்வேலிப் பகுதிக் கிணறுகளிலிருந்து பெற்றது. இவையிரண்டும் மாநகர எல்லைக்கு வெளியே, பசளையிட்டு இறைக்கும் தோட்டங்களின் நடுவே அமைந்தவை. சேகரித்த குப்பையோ மேற்குக் கரைக்குச் சென்றது. முன்னர் காக்கைதீவுப் பக்கம், பின்னர் கல்லுண்டாய்வெளி. வழுக்கையாறு கடலேரியைச் சேரும் பகுதிக்கு அண்மையிலுள்ள அவ்வுவர்த்தரவை, நகரத்தார் கண்ணுக்கு வெறும் வெளியாகத் தோன்றியது. அதுவும் மாநகர எல்லைக்கு அப்பாற்பட்டதே. மலக்கழிவேற்றிய பவுசர்களும் அங்கேயே சென்று கொட்டின. அயலிலே குடியேற்றப்பட்ட மக்கள் புகையையும் நாற்றத்தையும் எதிர்த்துக் குரலெழுப்பியபோது, அக்குரல் எழுந்தது வேறொரு பிரதேச சபையின் எல்லைக்குள்ளிருந்து; மாநகரசபைத் தேர்தலில் அவர்களுக்கு வாக்கில்லை. இது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரிய முறையன்று. கொழும்பு மாநகரம் தன் குப்பையைக் கொலன்னாவைப் பகுதியிலுள்ள மீதொட்டமுல்லையிற் குவித்தது. 2017 ஏப்ரலில் அம்மலை சரிந்து 32 பேர் மாண்டனர்.

போர்க்காலத்தைச் சுருங்கவே கூறுதல் போதும். 1990 இன் பின் வந்த பொருளாதாரத் தடையின்போது நகரத்தில் எறியத்தக்கது அதிகம் இருக்கவில்லை. வெறுமையான ஜாம் போத்தலும் திரியிட்டு மண்ணெண்ணெய் விளக்காயிற்று. 1995 ஒக்ரோபர் இறுதியில் நிகழ்ந்த இடப்பெயர்வு நகரையே வெறுமையாக்கியது. 1981 இல் ஏறத்தாழ 118,000 ஆக இருந்த மாநகரக் குடித்தொகை 2012 இல் 88,000 அளவிலேயே நின்றது. மக்கள் குறைந்தும் குப்பை குறையவில்லை. 2009 இன் பின் கண்டி வீதி வழியே வந்திறங்கிய பொலித்தீனும் பிளாத்திக்கும், உக்குவதை மட்டுமே அறிந்திருந்த குப்பைக் கிடங்குக்குப் புதியவை.

நீர் தேடிய எல்லை இதன்பின் மேலும் விரிந்தது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியுடன் 2010 இல் வகுக்கப்பட்ட திட்டம் இரணைமடுக் குளத்து நீரைக் குடாநாட்டுக்குக் கொண்டுவர எண்ணியது. தம் வயலுக்கே நீர் போதாதென்ற கிளிநொச்சி விவசாயிகள் அதனை எதிர்த்தனர். அவர்களைக் குறுகிய நோக்கினர் என நகரத்துப் படித்தோர் சிலர் கூறியது எமக்கு நியாயமாகப் படவில்லை. தன் காலடியிலுள்ள நீரைக் காவாத நகரம் அயல் மாவட்டத்து நீரைக் கேட்டால், அவ்வினா எழத்தான் செய்யும். இதனிடையே சுன்னாகத்திற் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. மாசுக்குக் காரணமான மின்னுற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கவேண்டுமென 2019 ஏப்ரலில் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஈற்றில் நகரம் கடலையே நாடியது. வடமராட்சி கிழக்கிலுள்ள தாளையடியில், நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 இல் திறக்கப்பட்டது. நைத்திரேற்று அற்ற நீர் குழாய்வழி வீடு தேடி வருதல் பெரும் பேறே. சவர்த்தண்ணீருடன் தலைமுறைகளாக வாழ்ந்த கரையோர மக்களுக்கு அது இன்னும் பெரிது. ஆயின் திட்டத்தின் பெயரிற் குடிநீருடன் சேர்ந்திருந்த ‘சுகாதாரம்’ அதே வேகத்தில் வந்து சேரவில்லை. நகருக்குப் பொதுச் சாக்கடைத் தொகுதி இன்னும் அமையவில்லை. துலாவால் இறைத்த காலத்தில் ஒரு வீட்டார் செலவிட்ட நீர் சில குடங்களே. குழாயைத் திறப்போர் செலவிடுவதோ அதனினும் பன்மடங்கு. அவ்வளவு நீரும், பயன்பட்ட பின்னர், வளவின் பின்புறத்துள்ள அதே ஊறற்குழியினூடாகச் சுண்ணாம்புக்கல்லையே சென்றடைகின்றது.